பிரேசிலுக்குக் கிளம்பும் மகனும் காத்திருக்கும் பல்கலைக்கழக இடமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்காக (மார்மன் சபை) மதம் பரப்பும் மிஷன் பணிக்கு இரண்டு வருடம் பிரேசில் போவது பற்றிய உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முக்கால்வாசி கல்லூரிக் கேள்விகள்: கம்ப்யூட்டர் சயன்ஸில் கிடைத்த இடம் என்ன ஆகும், ஸ்காலர்ஷிப் நிற்குமா, இருபது வயதில் திரும்பி வருகிறவன் மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் போய்விடுவானா. கடைசி நான்கு வரியில்தான் மனசில் இருப்பது வெளியே வந்திருக்கிறது. பதினாறு வயதில் அவன் ஞானஸ்நானம் எடுக்க அனுமதிக் கையெழுத்துப் போட்டதே நீங்கள்தான் என்றும், இப்படி ஒரு மிஷன் அழைப்பு வரும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் படிப்பைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதில் தேதிகள் இருக்கின்றன.

இரண்டு வருட இடைவெளியால் மட்டும் படிப்பு கெட்ட மாணவரை இங்கே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நான் பார்த்ததில்லை. கிளம்பும் அவசரத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பாமல் விட்டதால் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்கேஸ் வாங்குவது, தடுப்பூசி, ஞானப்பல் பிடுங்குவது, கறுப்பு சூட் தைப்பது என்று வீடே பரபரப்பாக இருக்கும்போது பல்கலைக்கழகக் கடிதம் மேசை டிராயருக்குள் போய்விடும்.

இந்த மாநிலத்தில் பல கல்லூரிகளுக்கு மிஷன் விடுப்பு விண்ணப்பம் பழகிப்போன ஒன்று. அதனாலேயே ஒரு தப்பு நடக்கிறது. அட்மிஷன் அலுவலகம் 'சரி, இரண்டு வருடம் கழித்து வந்து சேர்' என்று சொன்னால் எல்லாமே காத்திருக்கும் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அட்மிஷனைத் தள்ளிவைப்பது ஒரு அலுவலகம், ஸ்காலர்ஷிப்பைத் தள்ளிவைப்பது இன்னொன்று. உங்கள் மகன் விஷயத்தில் மூன்றாவதாகத் துறையும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இடம் இருந்தும் கம்ப்யூட்டர் சயன்ஸ் மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) நேரடி இடம் காலாவதியாகிப்போன பையன் ஒருவனை எனக்குத் தெரியும். திரும்பி வந்து ஒரு வருடம் வேறு பாடங்கள் எடுத்து, மறுபடி விண்ணப்பித்து உள்ளே போனான். மூன்று இடங்களிலிருந்தும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் 'ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று சொன்னது பதில் ஆகாது. அந்த மின்னஞ்சலிலேயே இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லுங்கள்: நினைத்ததைவிட முன்னாலேயே திரும்பி வந்தால் எந்த செமஸ்டரில் சேரலாம்? ஏன் கேட்கச் சொல்கிறேன் என்பது கீழே.

இந்த மின்னஞ்சல்களை அனுப்ப வேண்டியவன் அவன்தான். ஃபெர்பா என்று 1974-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், அவனுடைய பதிவேடுகளைப் பற்றி அவன் சம்மதம் இல்லாமல் அலுவலகம் உங்களிடம் பேசத் தயங்கும். கட்டணம் கட்டுகிறவர் நீங்கள் என்றாலும் அப்படித்தான். பல்கலைக்கழக இணையதளத்தில் பெற்றோருக்கு அனுமதி தரும் படிவம் இருக்கும், கிளம்புவதற்கு முன் அதை அவன் நிரப்பட்டும். இந்த முறை கையெழுத்து அவனுடையது. அப்புறம் சின்ன விஷயம், ஆனால் வருடாவருடம் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள்: அவன் கணக்கில் நுழையும்போது வரும் ரகசிய எண் எந்த போனுக்கு வருகிறது என்று பாருங்கள். பழைய எண்ணை ரத்து செய்துவிட்டால் பிரேசிலிலிருந்து அவனாலும் நுழைய முடியாது.

அரசுக் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தை நிரப்பும் நேரமும் இடிக்கும். அது வழக்கமாக அக்டோபரில், அடுத்த கல்வியாண்டுக்காகத் திறக்கும். அவன் வரப்போகிற வருடத்துக்கான படிவம் திறக்கும்போது அவன் இன்னும் அங்கேதான் இருப்பான். மிஷனரிகளுக்கு வாரத்தில் ஒரு தயாரிப்பு நாள் உண்டு, பெரும்பாலும் திங்கள். துணி துவைப்பது, கடைக்குப் போவது, வீட்டோடு பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான். ஏதோ ஒரு திங்களில் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னால் முடிந்துவிடும்.

'ஒரு செமஸ்டர் படித்துவிட்டாவது போகட்டுமே' என்று கேட்டிருக்கிறீர்கள். 2012 வரைக்கும் பையன்கள் பத்தொன்பது வயதில்தான் போக முடியும் என்பதால் பலர் கல்லூரியில் ஒரு வருடம் முடித்துவிட்டே போனார்கள். அந்த அக்டோபரில் சபைத் தலைவர் தாமஸ் மான்சன் வயதைப் பதினெட்டு ஆக்கியபின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராகக் கிளம்புகிறார்கள். என் கருத்து: உங்கள் மகன் எடுக்கப்போகிற படிப்புக்கு, அரைகுறையாக ஆரம்பிப்பதைவிட ஆரம்பிக்காமல் போவது நல்லது. கால்குலஸ் முதல் பாகத்தை முடித்துவிட்டுப் போய், இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பாகத்தில் உட்கார்ந்தால் பாதி மறந்திருக்கும். அதோடு அந்த ஒரு செமஸ்டருக்கு அரசுக் கல்விக் கடன் வாங்கினால், படிப்பை நிறுத்தியதிலிருந்து பொதுவாக ஆறு மாதம்தான் அவகாசம். அவன் அங்கே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும்போது இங்கே தவணை ஆரம்பித்துவிடும்.

பணம். 2020 ஜூலையிலிருந்து அமெரிக்க மிஷனரிகள் செலவுக்குக் கட்ட வேண்டியது மாதம் 500 டாலர், எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகை. இருபத்துநான்கு மாதத்துக்கு 12,000 டாலர். அவன் வேலை பார்த்துச் சேர்த்தது 7,000 என்று எழுதியிருக்கிறீர்கள், மிச்சத்துக்கு அவனுடைய '529' என்ற வரிச் சலுகைக் கல்விச் சேமிப்பைத் தொடலாமா என்கிறீர்கள். தொடாதீர்கள். மிஷன் செலவு அந்தக் கணக்குக்குக் கல்விச் செலவு ஆகாது. எடுக்கும் பணத்தில் லாபப் பங்குக்கு வருமான வரியும் அதற்குமேல் பத்து சதவீதமும் போகும். இன்னொன்று, மகன்களின் வங்கிக் கணக்கில் நேராகப் பணம் போட்டுவிட்டு அதை நன்கொடையாகக் காட்டி வரி விலக்கு கேட்ட ஒரு தம்பதியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1990-இல் கிடையாது என்று தீர்ப்பானது. வார்டின் (சபையின் உள்ளூர்க் கிளையின்) மிஷனரி நிதி வழியாகக் கொடுப்பது வேறு விஷயம். அதை உங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. மொழி ஒரு உண்மையான சொத்து. யூட்டாவின் ஆளுநராக இருந்த ஜான் ஹன்ட்ஸ்மன் தைவானில் மிஷனரியாக இருந்தபோது மாண்டரின் கற்றவர், பிற்பாடு சீனாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். எல்லோரும் தூதராகப் போவதில்லை, சரி. ஆனால் போர்த்துகீசியத்தில் சரளமாகப் பேசுகிற ஒரு மென்பொருள் பட்டதாரிக்கு மதிப்பு உண்டு. திரும்பியதும் அந்த மொழிக்குக் கல்லூரி கிரெடிட் வாங்கப் பார்க்கட்டும். பலர் சொல்கிற, பாடம் எடுக்காமலே கிரெடிட் தரும் கிளெப் தேர்வில் போர்த்துகீசியம் கிடையாது, ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும்தான். அதனால் பல்கலைக்கழக மொழித்துறை தானே தேர்வு வைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். ரெஸ்யூமேயில் எழுதும்போது 'மார்மன் மிஷன்' என்று போடாமல் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரைப் போடுவது நல்லது. 2018 முதல் சபையும் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறது. எத்தனை புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தான், எந்தப் பொறுப்பில் இருந்தான் என்று எழுதினால் போதும், வேலை கொடுப்பவர் பிரசங்கம் படிக்க மாட்டார்.

என்னுடைய உண்மையான கவலை திரும்பி வந்த முதல் கோடையில்தான். கதவைத் தட்டிப் பழகிய பையன்களைத் தேடி விற்பனை நிறுவனங்கள் வரும். பூச்சி மருந்து, சோலார், வீட்டு அலாரம். ஒரு கோடைக்கு என்று போய், கமிஷன் பணத்தைப் பார்த்துவிட்டுக் கல்லூரியை மறந்தவர்கள் உண்டு. போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. செமஸ்டருக்குப் பதிவு செய்து, பாடங்களை எடுத்து வைத்துவிட்டுப் போகட்டும்.

இனி அந்தக் கடைசி நான்கு வரி.

அவனைத் தடுக்க வேண்டுமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் கேள்வி. பதினெட்டு முடிந்தவனைத் தடுக்க உங்களால் முடியாது. ஒரு விஷயம் மட்டும் செய்யலாம். வார்டுத் தலைவரான பிஷப், நண்பர்கள், அவன் காதலிக்கிற பெண் யாரும் இல்லாத ஒரு நேரத்தில், காரில் போகும்போது கூட இருக்கலாம், கேளுங்கள்: 'யாரும் எதிர்பார்க்காவிட்டாலும் நீ போவாயா?' இந்த ஊரில் அந்த வயதுப் பையன்கள் மேல் இருக்கிற எதிர்பார்ப்பு லேசுப்பட்டது இல்லை. பெண்களுக்கு விரும்பினால் போகலாம், ஆண்களுக்கு அது கடமை என்றே சபை சொல்கிறது. பதிலைக் கேட்டுவிட்டு வாதம் செய்யாதீர்கள். போவேன் என்றால் விட்டுவிடுங்கள். தயங்கினால், ஆறு மாதம் தள்ளிப்போடுவதில் அவமானம் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள்.

அப்புறம், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம் என்பதையும் கிளம்பும் முன்பே உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும். உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் பாதியில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில், நினைத்தால் என் நெஞ்சு கனத்துப்போகிற மாணவர்கள் அவர்கள்தான். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வெளியே தலைகாட்டாமல், கல்லூரியிலும் சேராமல், சித்தப்பா வீட்டுக் கீழ்த்தள அறையில் எட்டு மாதம் இருந்த ஒருவன் நினைவுக்கு வருகிறான். அவன் மதிப்பெண்ணில் குறையே இல்லை. பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டித் திரும்புவது பற்றிக் கேட்டு வைக்கச் சொன்னது இதனால்தான். அந்தப் பதில் கையில் இருந்தால் திரும்பி வருகிறவனுக்கு அடுத்த திங்கட்கிழமை போக ஓர் இடம் இருக்கும்.

சபையின் கோயிலுக்குள் உங்களை விட மாட்டார்கள் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், உறுப்பினர் அல்லாதவர் உள்ளே போக முடியாது, அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. கிளம்புமுன் வார்டில் ஞாயிற்றுக்கிழமை அவன் பேசுவான், அதற்கு யார் வேண்டுமானாலும் போகலாம். போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் போன். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் வீடியோவில் பேசலாம். அந்த நேரத்தில் கல்லூரியைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்த ஃபாஃப்சா திங்களைத் தவிர. எந்த ஊரில் இருக்கிறான், கூட இருக்கிற பையன் எப்படி, யார் சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டொரு மாதத்தில் அவனுடைய பேச்சில் போர்த்துகீசிய வார்த்தைகள் கலக்க ஆரம்பிக்கும்.

மிஷனின் முதல் வாரப் பயிற்சி வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆரம்பிக்கும் என்பதால் உங்களுக்கு இருப்பது ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் அலுவலகத்துக்கான மின்னஞ்சலை அவன் எழுதியதும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.