பச்சைச் சளி என்றாலே பாக்டீரியாவா?

கேள்வி: பத்து வயதாகும் என் மகனுக்கு ஒன்பது நாள்களாக இருமல், சளி பச்சையாக வருகிறது. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தரவில்லை. இது பாக்டீரியா இருமலாக இருந்தால் என்ன செய்வது? – வாசகி, ஈசூன்.

பதில்: சளியின் நிறம் நம்மை ஏமாற்றக்கூடியது. கிருமியை எதிர்க்கத் திரளும் வெள்ளை அணுக்களிலுள்ள ஒரு நொதியே அந்தப் பச்சை நிறத்திற்குக் காரணம் என்பதால், வைரஸ் தொற்றிலும் அது இயல்பாகவே தோன்றும். மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, லேசான காய்ச்சல் ஆகியவற்றுடன் தொடங்கிய இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவதே; காய்ச்சல் சில நாள்களில் தணிந்தாலும் இருமல் இரண்டு, மூன்று வாரங்கள் நீடிக்கலாம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்கை வேண்டுமானால் கொண்டுவரலாம். ஆகவே, உங்கள் மருத்துவர் செய்தது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும், சற்றுத் தேறிய பிள்ளைக்கு மீண்டும் கடுங்காய்ச்சல் அடித்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு ஒரு பக்கமாக வலித்தாலோ அது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கக்கூடும். அதை மருத்துவர் நெஞ்சைச் சோதித்தும், தேவையெனில் எக்ஸ்ரே எடுத்தும் உறுதிசெய்வார். விடாமல் இருமி, இறுதியில் வாந்தியெடுத்தால் கக்குவான் இருமலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது பாக்டீரியாவால் வருவது. மூச்சுத்திணறல் இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூன்று வாரங்களுக்குமேல் இருமல் நீடித்தால், காசநோய் இல்லையென்று உறுதிசெய்துகொள்ளப் பலதுறை மருந்தகத்திற்கு (பாலிகிளினிக்) மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை இரவில் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது.