ஃப்யூஸ் ஏன் போகிறது?

கேள்வி: நானே பற்றவைத்த 40 மீட்டர் பேண்ட் பிட்எக்ஸ் ஹாம் ரேடியோ செட்டில் ரிசீவர் அருமையாகக் கேட்கிறது. சிக்னலை அனுப்பும் கடைசி பவர் ட்ரான்சிஸ்டரான ஐஆர்எஃப்510-க்கு 12 வோல்ட் கொடுத்தவுடன் ஃப்யூஸ் போய்விடுகிறது. ட்ரான்சிஸ்டரை இரண்டு தடவை மாற்றியாச்சு!

பதில்: மூன்றாவதை வாங்காதீர்கள். ஐஆர்எஃப்510-இன் முதுகுத் தகடு உள்ளே ட்ரெய்னோடு, அதாவது 12 வோல்ட் வரும் காலோடு, இணைந்தது. தகடு நேராக ஹீட்சிங்கில் பட்டு, அந்த ஹீட்சிங்க் சேசிஸை (எர்த் ஆன உலோகப் பெட்டியை) தொட்டால், 12 வோல்ட் நேராக எர்த்துக்குப் போய்விடும். நடுவே மின்சாரம் கடத்தாத மைக்காத் துண்டு இருந்தும், திருகுக்குப் பிளாஸ்டிக் வாஷர் போடாமல் விடுபவர்கள் நிறைய. பவரை நிறுத்தி, தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள், பீப் சத்தம் வந்தால் அதுதான் கோளாறு. சரிசெய்த அப்புறம் பயாஸ் ப்ரீசெட்டை (ட்ரான்சிஸ்டரின் ஓய்வுக் கரண்டை அமைக்கும் சிறு திருகை) அடிமட்டத்தில் வைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (சிக்னலை வெளியே விடாமல் சூடாக மாற்றும் ரெசிஸ்டர்) மாட்டி, கரண்டைப் பார்த்துக்கொண்டே ப்ரீசெட்டை மெல்ல ஏற்றுங்கள். நாலு 220 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர்களை இணையாகப் பற்றவைத்தாலே 55 ஓம் வந்துவிடும், டம்மி லோடுக்கு அது போதும்.