ஏழைகள் எத்தனை பேர், எண்ணியது யார்? – கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: அக்கா, சமூக நீதிக்காக ஆய்வு செய்து எழுதும் வேலைக்கு என்ன படிக்கலாம்?

சமூகவியல், புள்ளியியல், எதுவானாலும் சரி. எக்செல் கைவர வேண்டும். இலாகாவுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு மலாயும் வேண்டும்.

பட்டர்வொர்த்: வெறும் எண்ணை வைத்து என்ன கதை சொல்ல முடியும்?

நல்ல கேள்வி. 2016-இல் மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு என்றது அரசுக் கணக்கு. 2019-க்கு அதுவே 5.6. மூன்றே ஆண்டில் நாடு நொடித்துவிடவில்லை, மாறியது அளவுகோல். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்) என்றிருந்த வறுமைக்கோட்டை 2020-இல் 2,208 ஆக்கினார்கள். 2019-இல் இங்கே வந்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் பழைய கோட்டைச் சாடிவிட்டுப் போயிருந்தார். புதிய முறையில் 2016-ஐக் கணக்கிட்டால் 7.6 வருகிறது. ஆக, அந்த மூன்றாண்டில் வறுமை குறைந்திருக்கிறது! இது தெரியாமல் ‘14 மடங்கு உயர்வு’ என்று தலைப்புப் போட்டால் மானம் போகும்.

இன்னொன்று, குடும்ப வருமான ஆய்வு குடிமக்களின் வீடுகளைத்தான் எடுக்கிறது. குடியுரிமை இல்லாத வீடு அந்தக் கணக்கிலேயே இல்லை. உங்கள் நேர்காணலை அங்கிருந்து தொடங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: பேட்டி கொடுத்தவரின் பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. ‘62 வயது, முன்னாள் மண்டோர், கால் ஊனம், இன்ன தோட்டம்’ என்று எழுதினால் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பிள்ளைகூட ஆளைச் சொல்லிவிடும். மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர். வயதை ‘அறுபதுகளில்’ என்று போடுங்கள். தோட்டத்தின் பெயருக்குப் பதில் மாவட்டம் போதும். சம்மதம் இரண்டு முறை கேளுங்கள்: பதிவுக்கு முன், எழுதியதைப் படித்துக் காட்டிய பின்.

ஜார்ஜ்டவுன்: பேட்டிக்குப் பணம் கொடுத்தால் அது விலைபேசியதாகாதா?

நாள்கூலிக்காரரின் அரை நாளை எடுத்துக்கொண்டு தேத்தண்ணீரோடு அனுப்புவது மட்டும் நியாயமா? இழந்த கூலியும் பஸ் காசும் கொடுங்கள். தொகையை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எல்லாருக்கும் ஒரே அளவாக. அழுதால் கூடுதல் என்று கொடுப்பதுதான் விலைபேசுவது.

ஜார்ஜ்டவுன், மறுபடியும்: நிருபர்கள் கொடுப்பதில்லையே?

சரிதான், காசு வாங்கிய சாட்சி செய்தியில் எடுபடாது. ஆய்வில் எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் எழுதிவைக்கிறோம். ஒரே பேட்டியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

ஈப்போ சாலை: பெயரை மாற்றினால் போதும்தானே?

மேலே பாருங்கள், தம்பி.

கெப்போங்: தம்பியின் குடியுரிமை விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போகிறது.

என் துறை இல்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். அசல் பிறப்புப் பத்திரத்தை எந்த ஏஜெண்டிடமும் கொடுக்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம்: ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்ச எவ்வளவு நேரமாகும்?

நான்கு முதல் ஆறு மணி நேரம். ‘பெரட்டு’, ‘மங்கு’ எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே விடுங்கள். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, மங்கு என்றால் ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம் என்று அடியில் ஒரு வரி போதும்.