கூடையில் பவுடர் டப்பா வேண்டாம்

கேள்வி: காட்பாடியில் இருக்கும் என் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாளாகிறது. 1,500 ரூபாய்க்குள் உபயோகமான பரிசுக் கூடை ஒன்று கொடுக்க வேண்டும். என்னென்ன வைக்கலாம்?

பதில்: என் மூத்தவள் பிறந்தபோது வீட்டுக்கு ஏழு பவுடர் டப்பாக்கள் வந்தன. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. பவுடர் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போவது நல்லதில்லை. அன்று உதவியது என் மாமியார் கிழித்துத் தந்த பழைய வேட்டிதான். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சதுரங்களாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி அடுக்குங்கள். செலவே இல்லை.

வேலூர் லாங் பஜாரில் முன்பக்கம் நாடா கட்டும் பருத்திச் சட்டைகள் நான்கு வாங்குங்கள். அளவு ஆறு மாதக் குழந்தைக்கானதாக இருக்கட்டும். பிறந்த குழந்தையின் சட்டையை எல்லோரும் வாங்கிவிடுவார்கள். ஜரிகை, நைலான் பக்கம் போகவே வேண்டாம். மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வையுங்கள்.

பால் புட்டி, தேன் இரண்டும் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

மீதிப் பணம் அண்ணிக்கு: முன்பக்கம் திறக்கும் நைட்டி, நடுராத்திரிப் பசிக்குக் கடலை உருண்டை, ஒரு பிளாஸ்க். பார்க்க வருகிறவர்களுக்கு ஆற்காடு மக்கன் பேடா கால் கிலோ.

அண்ணனுக்கா? துணி துவைக்கும் சோப்பு இரண்டு கட்டி.