சாவிக்கொத்தில் மாட்ட எந்தச் சின்ன எல்இடி டார்ச் நல்லது? போனில் லைட் இருக்கும்போது இது தேவையா?

கேள்வி கேட்டவர் தினமும் சாவியோடு வைத்துக்கொள்ள ஒரு சின்ன டார்ச் தேடுகிறார். பட்டனை அமுக்கும் காயின் பேட்டரி டார்ச், ட்ரிபிள் ஏ பேட்டரி டார்ச், யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் டார்ச், இந்த மூன்றில் எது என்பது அவர் கேள்வி. போனிலேயே லைட் இருக்கிறதே என்று வீட்டில் கேட்கிறார்களாம். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ட்ரிபிள் ஏ பேட்டரி போட்டு, தலையைத் திருகினால் எரிகிற டார்ச் வாங்குங்கள். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. டார்ச் சேகரிக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள், தெரியும். நான் இஞ்சினியர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு எல்இடி தொழிற்சாலையில் பதினேழு வருடம் டெஸ்ட் லைனில் ஆப்பரேட்டராக வேலை பார்த்தவள். பினாங்குத் தீவிலேயே எல்இடி செய்கிறார்கள் என்பது நம் ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாது. ஓஸ்ராமும் லூமிலெட்ஸும் இங்கே இருக்கின்றன. நீல ஒளி தரும் சில்லை ஒட்டி, தலைமுடியை விட மெல்லிய கம்பி இழுத்து, மேலே பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்தூள் கலந்த சிலிக்கானை ஊற்றி, அவனில் வேகவைத்தால் வெள்ளை வெளிச்சம் கிடைக்கும். ஒரே நாளில், ஒரே மெஷினில் செய்தாலும் ஒன்று போல் இன்னொன்று வராது. அதனால் ஒவ்வொன்றையும் எரியவைத்து வெளிச்சம், நிறம், வோல்ட் பார்த்துத் தனித்தனி 'பின்'னில், அதாவது தரவாரியான தொட்டியில், பிரிப்போம். அந்தப் பிரிப்புதான் என் வேலை. ஒரு டார்ச்சின் வெளிச்சம் நீலமாக அடிக்கிறதா, பச்சையாக அடிக்கிறதா என்று எனக்குச் சுவரில் ஒரு முறை அடித்துப் பார்த்தாலே போதும்.

நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை, ஆனால் நீங்களும் அடுக்குமாடியில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் வயதானவர் யாராவது இருப்பார். அப்படியென்றால் என் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு பழைய பிளாட், ஒன்பதாவது மாடி. அம்மாவுக்கு ஆஸ்துமா. சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும், இரவு பதினொன்றரை இருக்கலாம், பேய் மழை. அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகி நெபுலைசர் போட்டிருந்தோம். இடி ஒன்று விழுந்தது, புளோக் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நெபுலைசர் கரண்டில் ஓடுவது. அதுவும் நின்றது. இருட்டில் அம்மா மூச்சுக்கு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

தம்பி தன் போனில் அவசர எண் 999-ஐக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சை விட முடியாது, அவர்கள் முகவரி கேட்கிறார்கள், மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். என் போனில் ஆறு சதவீதம். அன்று மத்தியான ஷிஃப்ட் முடித்து வந்து இன்னும் சார்ஜில் போடவில்லை. அந்த ஆறு சதவீதத்தில் லைட்டைப் போடுவதா, அக்காவைக் கூப்பிடுவதா? 'போனில் லைட் இருக்கிறதே' என்பவர்களுக்கு இதுதான் என் பதில். ஆபத்து வரும் நேரத்தில் போனுக்கு வேறு வேலை இருக்கும்.

கைப்பையில் ஒரு டார்ச் இருந்தது. ஆன்லைனில் வாங்கியது, யுஎஸ்பி சார்ஜ், கட்டைவிரல் அளவுதான், ஆனால் அறையே பகல் மாதிரி ஆகும். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், குறை அவர்களுடையதா என்னுடையதா என்ற சண்டை எனக்கு வேண்டாம். அதன் பட்டன் பக்கவாட்டில் இருக்கும். பைக்குள் குடைக்கும் பர்ஸுக்கும் இடையில் எப்போதோ அமுங்கி, தானாக எரிந்து தீர்ந்திருக்கிறது. அமுக்கினேன், அமுக்கினேன், ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் அதற்கு எங்கே சார்ஜ் போடுவது?

பிறகுதான் சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. அதில் பல வருடமாக பீனிக்ஸ் கம்பெனியின் இ01 டார்ச் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ட்ரிபிள் ஏ பேட்டரி, நிச்சியா கம்பெனியின் 5 மில்லிமீட்டர் எல்இடி ஒன்று, அவ்வளவுதான். வெளிச்சம் பத்துச் சொச்சம் லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), கொஞ்சம் ஊதா அடிக்கும். எங்கள் லைனில் வந்திருந்தால் அந்த நிறத்தை நான் கடைசிப் பின்னில்தான் போட்டிருப்பேன். பேட்டரி மாற்றி எத்தனை மாதம் என்று நினைவில்லை. தலையைத் திருகினேன். எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் இழுப்பறையில் இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அம்மாவுக்குச் செருப்பு மாட்டினேன். போனைப் பல்லில் கடிக்க முடியுமா சொல்லுங்கள். கரண்ட் இல்லாததால் லிப்ட் ஓடவில்லை. பக்கத்து வீட்டு மலாய் அபாங்கும் (அண்ணன்) எதிர்வீட்டுச் சீன அங்கிளும் ஓடி வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, தம்பியும் அவர்களும் தூக்கிக்கொள்ள, நான் ஒரு கையில் கம்பியைப் பிடித்து இரண்டு படி முன்னால் இறங்கி, அவர்கள் கால் வைக்கும் படியில் மட்டும் வெளிச்சம் விழும்படி பிடித்தேன். அபாங் ஒவ்வொரு திருப்பத்திலும் "பெலான், பெலான்" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பது மாடி. கும்மிருட்டில் கண் பழகியிருந்ததால் அந்தப் பத்து லூமனே தாராளமாக இருந்தது. பெரிய வெளிச்சமாக இருந்தால் வெள்ளைச் சுவரில் பட்டுத் தூக்குகிறவர்கள் கண்ணைக் கூசியிருக்கும். ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்றது. அம்மா பிழைத்தார், இன்று நன்றாக இருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. மாடிப்படியில் கரண்ட் போனால் தானாக எரிய வேண்டிய அவசர விளக்கு, பேட்டரி உள்ளேயே இருக்கும் வகை, ஒன்பது மாடியில் ஒன்றுகூட எரியவில்லை. பச்சையில் 'கெலுவார்' (வெளியேறும் வழி) என்று எழுதிய பலகைகளும் இருட்டு. மாதாமாதம் தவறாமல் மெயின்டனன்ஸ் காசு கட்டுகிறோம். நாலாவது மாடித் திருப்பத்தில் யாரோ செருப்பு ராக்கையும் பழைய சைக்கிளையும் போட்டு வைத்திருந்தார்கள், நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கித்தான் கடக்க வேண்டியிருந்தது. மறுவாரம் நான் மேனேஜ்மென்ட் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன், கடிதமும் கொடுத்தேன். விளக்குகளை மாற்ற ஏழு மாதம் ஆனது. சைக்கிள் இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. அது உங்கள் கேள்வி இல்லை, ஆனால் உங்கள் புளோக்கிலும் இன்றைக்கே போய் அந்த விளக்கின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

சரி, ஒப்பீடு.

காயின் பேட்டரி டார்ச் என்றால் போட்டான் மைக்ரோலைட் மாதிரி. ஒரு சிஆர்2032 அல்லது அதில் பாதித் தடிமனான சிஆர்2016 இரண்டு போடுவது. எடையே தெரியாது. இந்த வகையில் எளிமையான டார்ச்சுகளில் சர்க்யூட்டே இருக்காது. பேட்டரியின் உள் மின்தடைதான் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் புதிதில் பளிச்சென்றும், போகப் போக மங்கலாகவும் எரியும், பட்டென்று அணையாது. எனக்கு அது பிடிக்கும். ஸ்ட்ரீம்லைட் நானோ இன்னொன்று, எல்ஆர்41 பொத்தான் பேட்டரி நான்கு, 10 லூமன். ஆனால் எல்ஆர்41 நாலு வேண்டுமென்று நடுராத்திரியில் எந்தக் கடையில் கேட்பீர்கள்? பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சில ரிங்கிட்டுக்கு விற்கும் பொம்மை டார்ச்சுகளும் இந்த வகைதான். வீட்டில் குழந்தை இருந்தால் அவற்றை உள்ளேயே கொண்டுவராதீர்கள். பேட்டரி மூடி சுலபமாகக் கழன்றுவிடும். காயின் பேட்டரியைக் குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

யுஎஸ்பி வகையில் நைட்கோர் டியூப் 45 லூமன், பழைய மைக்ரோ யுஎஸ்பி. அதே கம்பெனியின் டினி 2 என்றால் 500 லூமன், டைப் சி. எண்ணைப் பார்த்ததும் மனசு அங்கேதான் போகும், எனக்கும் போனது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டினி 2-க்குள் இருக்கும் பேட்டரி 280 மில்லி ஆம்பியர் அவர், 3.7 வோல்ட். பெருக்கினால் ஏறக்குறைய ஒரு வாட் அவர். எனிலூப் என்ற, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் ட்ரிபிள் ஏ ஒன்று 750 மில்லி ஆம்பியர் அவர், 1.2 வோல்ட், அதுவும் ஏறக்குறைய 0.9 வாட் அவர். இரண்டு பானையிலும் தண்ணீர் ஒரே அளவு. ஒன்றில் குழாய் பெரிது, அவ்வளவுதான். 500 லூமனுக்குத் தோராயமாக ஐந்து வாட் வேண்டும், ஒரு வாட் அவரில் அது பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் கையில் சுடும், டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கும் 500 லூமனுக்கு உரியது அல்ல. டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 என்ற தரவிதிப்படி வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் நேரத்தைத்தான் அச்சிடுகிறார்கள். அது ஏமாற்று இல்லை, படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆன்லைனில் விரல் அளவு டார்ச்சுக்கு '10,000 லூமன்' என்று போடுகிறார்களே, அதுதான் ஏமாற்று.

தினமும் பயன்படுத்தி வாரம் ஒரு முறை சார்ஜ் போடுகிற பழக்கம் இருந்தால் யுஎஸ்பி டார்ச் அருமையான பொருள், மறுக்கவில்லை. மெக்கானிக், இரவு ஜாகா (காவல்) வேலை பார்ப்பவர்கள், இவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் பட்டனுக்கு லாக் வசதி இருக்கிறதா என்று பார்த்து, அதைப் பூட்டி வையுங்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நம் ஊர்ச் சூட்டில், அதிலும் வெயிலில் நிறுத்திய காருக்குள், சீக்கிரம் கிழடாகும். பெரும்பாலான சின்ன மாடல்களில் பேட்டரியை மாற்றவும் முடியாது.

ட்ரிபிள் ஏ வகையில் இ01-இன் புதிய பதிப்பு 100 லூமன் வரை போகும், சின்ன வெளிச்சமும் உண்டு. ஓலைட் ஐ3இ 90 லூமன், ஒரே வெளிச்சம்தான். மேக்லைட் சொலிட்டேர் 1988-இல் பல்புடன் வந்தபோது இரண்டு லூமன் மாதிரிதான் இருந்தது, இப்போது எல்இடியில் 47. வெள்ளை எல்இடிக்கு மூன்று வோல்ட் பக்கம் வேண்டும், பேட்டரி ஒன்றரைதான் தரும். அதை உயர்த்த உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் இருக்கும். அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதில்தான் நல்ல டார்ச்சும் மோசமான டார்ச்சும் பிரிகின்றன.

ட்ரிபிள் ஏ நம் தெருக்கோடி மளிகைக் கடையிலும் கிடைக்கும், அவசரத்துக்கு டிவி ரிமோட்டில் இருந்தும் உருவலாம். இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சாதாரண அல்கலைன் பேட்டரியை வருடக்கணக்கில் உள்ளேயே விட்டால் ஒழுகும், திருகு மரையைத் தின்றுவிடும். என் அண்ணனின் டார்ச் ஒன்று அப்படித்தான் போனது. ஒன்று வருடம் ஒரு முறை மாற்றுங்கள், இல்லையென்றால் எனிலூப் மாதிரி சீக்கிரம் சார்ஜ் இறங்காத பேட்டரி போடுங்கள். 10440 என்று ஒரு லித்தியம் பேட்டரி அச்சு அசலாக ட்ரிபிள் ஏ அளவில் இருக்கும், வோல்ட் 3.7. வெளிச்சம் கூடும் என்று யாராவது சொன்னாலும், டார்ச் அதைத் தாங்கும் என்று எழுதியிருந்தால் ஒழியப் போடாதீர்கள். திருகும் தலை சாவியோடு உரசி லேசாகச் சுழன்று தானே எரியக்கூடும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் பூசி, அணைத்த பிறகு அரைச் சுற்று கூடுதலாகத் தளர்த்தி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

எந்த டார்ச் கம்பெனியிலும் எனக்கு ஆள் இல்லை, யாரும் காசு தரவில்லை. நூறு லூமன் பீனிக்ஸை விடப் பத்து லூமன் பழைய இ01 மேல் என்று நான் சொல்வதை யாராவது பாசம் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். புதிதாக வாங்குபவர் புதியதையே வாங்குங்கள்.

என் இ01-இல் கறுப்புச் சாயம் விளிம்பெல்லாம் உரிந்து வெள்ளை உலோகம் தெரிகிறது. இன்னும் எரிகிறது. அம்மாவுக்குப் புதிய பதிப்பு ஒன்று வாங்கி இன்ஹேலர் பையின் ஜிப்பில் கட்டிவிட்டேன். மாதம் ஒரு முறை கிளினிக்கில் மருந்து வாங்கிவிட்டு வந்ததும், சொல்லாமலேயே அவரே அதைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பையை மூடுகிறார்.