முத்திரைத் தாளில் கையெழுத்திட்டதால் இழப்பீட்டு உரிமை போய்விடாது

கேள்வி: சென்னையில் ஒரு பல்பொருள் அங்காடியின் கிடங்கில் என் கணவர் ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்த்தார். வயது 30, மாதச் சம்பளம் 22,500 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. 2025 செப்டம்பரில் எண்ணெய்ப் பெட்டிகள் ஏற்றிய பேலட் டிரக்கை (சரக்கு அடுக்குகளை நகர்த்தும் தள்ளுவண்டி) சரிவில் இறக்கும்போது அது பாதத்தில் ஏறி, வலது கால் கட்டைவிரலை அடியோடு அகற்ற வேண்டியதாயிற்று. கவனக்குறைவு அவருடையது, அவர் எங்கள் ஆளே அல்ல என்கிறது நிர்வாகம். 20,000 ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கேட்பதில்லை என்று முத்திரைத் தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இனி வழி உண்டா?

பதில்: வழி உண்டு, சகோதரி. அந்தத் தாளைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்திருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ. அலுவலகத்தைத்தான் நாட வேண்டியிருக்கும். உங்கள் கணவர் அந்த வரம்பைத் தாண்டியவர் என்பதால், 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமே அவருக்குப் பொருந்தும். 21.11.2025 அன்று அச்சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தாலும், அதற்கு முன் நடந்த விபத்தால் தோன்றிய உரிமை அழிவதில்லை.

இச்சட்டத்தின்படி இழப்பீடு பெற முதலாளியின் தவற்றை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்பதே போதும். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியவையே முதலாளியைக் காப்பாற்றும்; வெறும் கவனக்குறைவு காப்பாற்றாது. கையால் இழுக்கும் பேலட் டிரக்குகள் பல 2,500 கிலோ வரை சுமப்பவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் கிடையாது. அப்படி ஒன்றைச் சரிவில் தனியாளாக இறக்கச் சொல்லிவிட்டு, நசுங்கிய காலுக்கு அந்த மனிதரையே குற்றம் சொல்வது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

‘எங்கள் ஆள் அல்ல’ என்ற வாதமும் நிற்காது. தன் வியாபாரத்தின் வழக்கமான வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. சரக்கு இறக்குவது அங்காடியின் அன்றாட வேலைதானே? கொடுத்த தொகையை ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலிப்பது அவர்கள் பாடு.

முத்திரைத் தாளைப் பொறுத்தவரை, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது 17ஆவது பிரிவு. இழப்பீட்டு உடன்படிக்கையைப் பணியாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பாவார். ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், அதாவது உங்கள் விஷயத்தில் 10,000 ரூபாய்க்கு மேல், ஆணையர் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றிக் கழிக்க முடியாது. அந்தப் பணம் மருத்துவச் செலவுக்குத் தரப்பட்டதானால் அது இழப்பீட்டுக் கணக்கிலேயே சேராது.

கால் கட்டைவிரலை அடிமூட்டோடு இழந்தால், சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்று முதல் அட்டவணை வரையறுக்கிறது. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாயையே உச்சமாகக் கொள்ள வேண்டும். அதில் 60 சதவீதமான 9,000 ரூபாயை, 30 வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ 2,62,055 ரூபாய் வருகிறது. மற்ற விரல்களும் மடங்காமல் போயிருந்தால் மருத்துவரிடம் அதையும் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள்; ஒரே விபத்தின் காயங்கள் அனைத்தும் சேர்த்தே கணக்கிடப்படும். உண்மையான மருத்துவச் செலவைத் தனியாகக் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் தராத தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2027 செப்டம்பரில் அந்தத் தேதி வருவதற்குள், ஆணையரிடம் மனு தர வேண்டும். நீங்கள் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கேயே வசிப்பவர்களானால், அந்தப் பகுதிக்குரிய ஆணையரிடமே தரலாம்; சென்னைக்கு அலைய வேண்டாம். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், உடன் வேலை பார்த்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள். கிடங்கின் சிசிடிவி பதிவுகள் சில வாரங்களிலேயே அழிந்துவிடக்கூடும் என்றாலும், விபத்து நாளின் பதிவை எடுத்து வைத்திருந்தால் அதை அழிக்கக் கூடாது என்று கடைக்கும் ஒப்பந்ததாரருக்கும் இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.