கேபிளை நிறுத்தியும் குறையாத செலவு

கேள்வி: பரந்தனில் வசிக்கிறோம். நான் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். கணவர் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். மாதம் 1,500 ரூபா கட்டிவந்த கேபிள் இணைப்பைச் சென்ற ஆண்டு நிறுத்தி, கடனட்டையில் ஒரு 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கி, இணையவழித் தளங்களுக்கு மாறினோம். இப்போது சந்தாவுக்கு 3,900 ரூபாவும் வீட்டு இணையத்துக்கு 6,000 ரூபாவும் போகின்றன. அட்டையில் 140,000 ரூபா நிலுவை இருக்கிறது. குறைந்தபட்சக் கொடுப்பனவான 7,000 ரூபாவை ஒரு மாதமும் தவறாமல் கட்டியும் நிலுவை அசையவில்லை. திரும்பவும் கேபிளுக்கே போகலாமா? பத்துத் தளங்களை ஒன்றாகத் தரும் இரண்டு வருடப் பொதி ஒன்றை ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள், அதை எடுக்கலாமா? சங்கிலியை அடகு வைத்து அட்டையை அடைக்கவும் யோசிக்கிறேன். வவுனியாவிலுள்ள கணவரின் தம்பி வீட்டுச் சந்தாவும் என் அட்டையில்தான் போகிறது. அட்டையின் மாதக் கணக்குக் கூற்றின் பிரதியை இணைத்துள்ளேன்.

பதில்: சகோதரி, கேபிளா இணையமா என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைப்போம். உங்கள் கூற்றை வரி வரியாகப் பார்த்தேன். 5ஆம், 9ஆம், 17ஆம் திகதிகளில் மூன்று சந்தாக்கள் அட்டையில் ஏறுகின்றன. அவற்றில் இரண்டு ஒரே தளத்தின் பெயரில், தலா 1,500 ரூபா. அதே தாளின் அடியில் ஆண்டு வட்டி 28 வீதம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

140,000 ரூபாவுக்கு 28 வீதம் என்றால் மாத வட்டி ஏறத்தாழ 3,250 ரூபா. நீங்கள் கட்டும் 7,000 ரூபாவில் அதைக் கழித்தால், கடனின் முதற்தொகையில் குறைவது 3,750 ரூபா மட்டுமே. அதே மாதத்தில் சந்தாவாக 3,900 ரூபா புதிதாக ஏறிவிடுகிறது. நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், கடனும் ஒழுங்காக அதே இடத்தில் நிற்கிறது. முழு நிலுவையையும் கட்டி முடிப்பவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும் என்பதால், நிலுவையைச் சுமந்துகொண்டிருக்கும் உங்களுக்கு ஒவ்வொரு புதிய சந்தாவுக்கும் அது ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. வட்டிக் கடனில் படம் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் உங்கள் வீட்டைக் கெடுக்கிறது.

வன்னியில் கடனின் கொடுமையை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நுண்கடன் தவணைக்காகப் படலையில் வந்து நின்றவர்களை நாம் மறக்கவில்லை. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சுமை பெருத்திருந்தது. கடனட்டைக்காக யாரும் படலைக்கு வருவதில்லை என்பதால் அது கடனாகவே தோன்றுவதில்லை. கேபிள் காசை நீங்கள் கையால் எண்ணிக் கொடுத்தீர்கள். கையில் இல்லாத மாதத்தில் இல்லை என்று உங்களுக்கே தெரிந்தது. அட்டையில் இரவோடிரவாக ஏறும் சந்தா அப்படித் தெரிவதில்லை.

ஆகவே முதலில் மூன்று சந்தாக்களையும் அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன்பின் புதிதாக எதுவும் ஏறாமல், மாதம் 7,000 ரூபா என்ற தொகையையும் குறைக்காமல் கட்டிவந்தாலே ஏறத்தாழ 27 மாதங்களில் கடன் தீரும். 10,000 ரூபா கட்டினால் 17 மாதங்களில் தீரும்.

அந்த மேலதிக 3,000 ரூபாவை இணையக் கட்டணத்திலிருந்து எடுக்கலாம். ஒரு மணி நேரம் சாதாரணத் தரத்தில் பார்க்க ஏறத்தாழ 1 கிகாபைற் டேட்டாவும், உயர் தரத்தில் ஏறத்தாழ 3 கிகாபைற்றும் செலவாகும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடும் தொலைக்காட்சிக்கு மாதம் 120 கிகாபைற்றா 360 கிகாபைற்றா என்பதைத் தரத் தெரிவுதான் தீர்மானிக்கிறது. தரத்தைக் குறையுங்கள், அடுத்த பாகம் தானாகத் தொடங்குவதையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் உறங்கிய பின்னும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதன்பின் 3,000 ரூபா அளவிலான பொதிக்கு இறங்க முடியும்.

கணவரின் தம்பி விடயம் சங்கடமானது என்பது புரிகிறது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2023 முதல் ஒரு வீட்டாருக்கே ஒரு கணக்கு என்ற விதியைக் கண்டிப்பாக்கியதிலிருந்து, ஒரு கணக்கை இரு வீடுகள் பகிரும் வழி குறுகிவிட்டது; உறவினருக்காகத் தனிக் கணக்குத் திறந்து கொடுப்பவர்கள் உங்களைப் போல் வேறு பலரும் இருக்கிறார்கள். 1,500 ரூபா பெரிய தொகையல்ல என்று அவர் நினைக்கக்கூடும், அதற்கு நீங்கள் வட்டியும் கட்டுவது அவருக்குத் தெரியாது. கூற்றைக் கணவரிடம் காட்டுங்கள். இந்த மாதத்துடன் எங்கள் அட்டையில் முடிகிறது, இனி உன்னுடைய அட்டையில் தொடர்ந்துகொள் என்று அண்ணன் தம்பியிடம் சொல்வதே முறை. நீங்கள் சொல்லப்போனால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

பத்துத் தளப் பொதி வேண்டாம். மூன்றையே முழுதாகப் பார்க்க நேரமில்லாத வீட்டுக்குப் பத்து எதற்கு? அடுத்த மாதத்தில் என்ன தேவை என்றே தெரியாத நிலையில் இரண்டு வருடக் கட்டுப்பாட்டில் கையெழுத்திடாதீர்கள். டொலரில் அறவிடும் சந்தாக்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: 2022 தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியபோது, 5 டொலர் சந்தா விலையேற்றம் எதுவுமில்லாமலே 1,000 ரூபாவிலிருந்து 1,800 ரூபாவாகியது.

சங்கிலியை அடகு வைப்பது கணக்களவில் பிழையல்ல. வங்கியின் அடகு வட்டி 28 வீதத்திலும் நன்றாகக் குறைவாக இருந்தால் அது இலாபமே. ஆனால் சந்தாக்கள் அட்டையில் இருக்கும்வரை வைக்காதீர்கள். அட்டையும் மீண்டும் நிரம்பும், சங்கிலியும் வங்கியில் கிடக்கும். மாறாக, காலபோக நெல் விற்ற காசில் 40,000 ரூபாவை அட்டைக்குக் கட்ட முடிந்தால் 17 மாதங்கள் ஏறக்குறைய ஒரு வருடமாகச் சுருங்கும். கேபிள் வேண்டுமானால் தாராளமாக எடுங்கள், காசாகக் கட்டுங்கள்.

தொலைக்காட்சியிலிருந்து செயலியை அழிப்பதால் சந்தா நிற்காது. ஒவ்வொரு தளத்திலும் கணக்குப் பக்கத்துக்குள் சென்று, அடுத்த 5ஆம் திகதிக்கு முன் இரத்துச் செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். அடுத்த கூற்றில் அந்த மூன்று வரிகளில் ஒன்று மீண்டும் வந்திருந்தால், அந்த மின்னஞ்சலுடன் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள்.